விருதுப் பலகையும் வீட்டு வாசற்படியும்: வட சென்னையில் நர்சிங் படிக்க வருவோருக்கு ஒரு வழிகாட்டி

சேர்க்கை நாளன்று பெற்றோருடன் வரும் மாணவர்கள் முதலில் நின்று பார்ப்பது, கல்லூரி அலுவலகத்துக்கு எதிரே மாட்டியிருக்கும் விருதுப் பலகையைத்தான். பல்கலைக்கழகத் தரவரிசை, சிறந்த மாணவி, மாநில அளவிலான போட்டியில் முதல் பரிசு என்று ஆண்டுவாரியாகப் பெயர்கள் எழுதப்பட்டிருக்கும். "இதில் எங்கள் பெண்ணின் பெயர் வர வேண்டுமானால் என்ன செய்ய வேண்டும், மேடம்?" என்று கேட்கும் அப்பாக்கள் ஒவ்வோர் ஆண்டும் உண்டு. வட சென்னையில் பிறந்து, இங்கேயே நர்சிங் படித்து, இப்போது மாணவர்களை வார்டுகளுக்கும் வீடுகளுக்கும் அழைத்துச் செல்லும் பயிற்றுநராக இருக்கும் நான் அவர்களுக்குச் சொல்லும் பதில் ஒன்றுதான். அந்தப் பலகையில் இருப்பவர்களில் பெரும்பாலோர், இன்று பார்த்த நோயாளியை நாளையும் போய்ப் பார்த்தவர்கள். ஒரு முறை நுழைந்த வீட்டுக்கு, அழைக்காமலேயே மறுபடியும் சென்றவர்கள். அந்தப் பழக்கத்தை முதல் மாதத்திலிருந்தே எப்படிக் கைக்கொள்வது என்பதை இங்கே வரிசையாக எழுதுகிறேன்.

வகுப்பு தொடங்கும் முன்

முதல் வேலை தடுப்பூசி. மஞ்சள் காமாலை பி வகைக்கான தடுப்பூசியை இன்று ஒன்று, ஒரு மாதம் கழித்து ஒன்று, ஆறாம் மாதம் ஒன்று என மூன்று தவணைகளாகப் போட வேண்டும் என்பதால், வார்டுக்குப் போகும் நாள் வரை காத்திருந்தால் காலம் தப்பிவிடும். சிறு வயதிலேயே போட்டுக்கொண்டவர்கள் அந்த அட்டையைத் தேடி எடுத்து வையுங்கள். அதோடு, நொடி முள் தெளிவாகத் தெரியும் ஒரு கைக்கடிகாரமும் வாங்கிக்கொள்ளுங்கள். நாடித்துடிப்பையும் மூச்சையும் எண்ணுவதற்குச் செல்பேசியை வெளியே எடுக்கும் மாணவியை எந்த வார்டு சிஸ்டரும் விரும்புவதில்லை.

சேர்க்கையின்போது ராகிங்கில் ஈடுபட மாட்டேன் என்று ஓர் உறுதிமொழிப் பத்திரம் கேட்பார்கள். அதை வெறும் தாளாக நினைக்க வேண்டாம். தமிழ்நாட்டில் ராகிங் தடைச் சட்டம் 1997இலேயே வந்துவிட்டது. தேசிய உதவி எண்ணான 1800-180-5522 எந்த நேரமும் இயங்குகிறது. அந்த எண்ணைச் செல்பேசியில் பதிந்து வைப்பதால் மூத்தவர்களை நீங்கள் சந்தேகிப்பதாக ஆகிவிடாது.

விதிகளை முதலிலேயே தெரிந்துகொள்ளுங்கள்

2021-22 கல்வியாண்டு முதல் இந்திய நர்சிங் கவுன்சில் பி.எஸ்சி. நர்சிங் படிப்பை நான்கு ஆண்டுகள், எட்டுப் பருவங்கள் என்று மாற்றியமைத்தது. தேர்வெழுத ஒவ்வொரு பாடத்திலும் குறைந்தது 80 விழுக்காடு வருகைப்பதிவு வேண்டும். அதைவிட முக்கியமானது, பட்டம் பெறுவதற்குள் செய்முறைப் பயிற்சியில் 100 விழுக்காடு வருகையை நிறைவு செய்திருக்க வேண்டும் என்பதாகும். காய்ச்சலாகவோ வீட்டில் விசேஷமாகவோ இருந்து விடுபட்ட நாளை, பின்னொரு நாளில் வார்டில் நின்று ஈடுசெய்தே ஆக வேண்டும். எத்தனை நாள் விடுபட்டது என்பதை நீங்களே ஒரு சிறு குறிப்பேட்டில் எழுதி வாருங்கள். நான்காம் ஆண்டில், மற்றவர்கள் விடைபெறும் வாரத்தில், மீதமுள்ள நாட்களுக்காகத் தனியாக வார்டுக்குப் போகும் நிலை நெஞ்சைக் கனக்கச் செய்வது.

தரவரிசையைக் குறிவைப்பவர்கள் இன்னொன்றையும் மனத்தில் கொள்ள வேண்டும். தரவரிசைக்கு எட்டுப் பருவங்களின் மொத்த மதிப்பெண்ணும் கணக்கில் வரும் என்றாலும், ஏதேனும் ஒரு பாடத்தில் தோற்றவர் அந்த வரிசைக்குள் வர முடியாது. பன்னிரண்டாம் வகுப்பு வரை தமிழ்வழியில் படித்து வருபவர்களுக்கு முதல் பருவத்தின் உடற்கூறியலும் உடலியங்கியலும் மலைப்பாக இருக்கும் என்பதை நான் அறிவேன், ஏனெனில் நானும் அப்படித்தான் வந்தேன். எங்கள் பேட்ச்சில் ஆறு பேர் சேர்ந்து, ஒவ்வோர் இரவும் ஒருவர் ஒரு பகுதியைத் தமிழில் விளக்க, மற்றவர்கள் அதை ஆங்கிலத்தில் எழுதிப் பார்ப்பது என்று ஒரு முறை வைத்திருந்தோம். சிறுநீரகத்தில் இரத்தம் வடிகட்டப்படும் விதத்தை எனக்குப் புரியவைத்தவள், அதை வீட்டில் காபி வடிகட்டுவதோடு ஒப்பிட்டுச் சொன்ன என் பேட்ச்மேட்தான். ஆகவே முதல் வாரத்திலேயே இப்படி ஒரு குழுவை அமைத்துக்கொள்ளுங்கள். நன்றாகப் படிப்பவர்கள் மட்டும் சேர்ந்த குழுவைவிட, கேள்வி கேட்கத் தயங்காத ஒருவர் இருக்கும் குழு அனைவருக்கும் பயன்படும்.

மாணவர் சங்கமும் விழாக்களும்

இந்தியப் பயிற்சி பெற்ற செவிலியர் சங்கம் 1908இல் தோன்றியது. அதன் மாணவர் பிரிவு 1929இல் தொடங்கப்பட்டது. எஸ்.என்.ஏ. என்று எல்லோரும் சொல்லும் அந்தப் பிரிவின் கிளை உங்கள் கல்லூரியில் இருந்தால், உறுப்பினர் படிவத்தில் கையெழுத்திடுவதோடு நிற்காமல் ஏதேனும் ஒரு பொறுப்பைக் கேட்டு வாங்குங்கள். நாற்காலி போடுவது, பெயர்ப்பட்டியல் எழுதுவது, கண்காட்சிக்கு அட்டை வெட்டுவது எதுவானாலும் சரி. மூன்றாம், நான்காம் ஆண்டு அக்காக்களோடும் அண்ணன்களோடும் உட்கார்ந்து பேசும் வாய்ப்பு அங்கேதான் கிடைக்கும். எந்த வார்டில் எந்த நேரத்துக்குப் போய் நிற்க வேண்டும், நோயாளிக்கான பராமரிப்புத் திட்டமான கேர் பிளான் எழுதுவதில் எங்கே பிழை வரும், வைவா என்னும் வாய்மொழித் தேர்வில் எதைக் கேட்பார்கள் என்பவையெல்லாம் பாடநூலில் இல்லாமல் பேச்சுவழியாகவே கைமாறி வருகின்றன.

முதலாண்டில் விளக்கேற்றும் விழா நடைபெறும். அன்று நீங்கள் சொல்லப்போகும் நைட்டிங்கேல் உறுதிமொழி, நவீன செவிலியத்துக்கு வழிகாட்டிய ஃபிளாரன்ஸ் நைட்டிங்கேல் எழுதியதன்று. 1893இல் அமெரிக்காவின் டெட்ராய்ட் நகரில் லிஸ்ட்ரா கிரெட்டர் தலைமையில் ஒரு குழு எழுதி, நைட்டிங்கேலின் பெயரைச் சூட்டியது. விழாவுக்கு அப்பா, அம்மாவை அவசியம் அழைத்து வாருங்கள். காசிமேட்டில் விடியற்காலை மீன் ஏலம் முடிந்து அப்படியே நேராக வந்து, கடைசி வரிசையில் நின்று, மகள் கையிலிருந்த விளக்கைப் பார்த்துக் கண் கலங்கிய ஒரு தாயை நான் பார்த்திருக்கிறேன். மே 12, நைட்டிங்கேல் பிறந்த நாளில் வரும் உலக செவிலியர் தினத்தை ஒட்டிக் கட்டுரை, சுவரொட்டி, வினாடி வினா எனப் போட்டிகள் நடக்கும். முதலாண்டு மாணவர்கள் பயமின்றிப் பெயர் கொடுக்கலாம்.

வார்டில் முதல் நாட்கள்

இந்தப் பகுதியில் படிப்பவர்களுக்குக் கிடைக்கும் பெரிய பேறு, சுற்றியிருக்கும் மருத்துவமனைகள்தாம். ஸ்டான்லி அரசு மருத்துவமனையை வயதானவர்கள் இன்றும் கஞ்சித்தொட்டி ஆஸ்பத்திரி என்றே சொல்வார்கள். 1782ஆம் ஆண்டுப் பஞ்சத்தில் பசித்தவர்களுக்குக் கஞ்சி ஊற்றிய மணியக்காரர் சத்திரத்தின் தொடர்ச்சியாக வளர்ந்த இடம் அது. ராயபுரத்தில் ஆர்.எஸ்.ஆர்.எம். மகப்பேறு மருத்துவமனையும், தண்டையார்பேட்டையில் தொற்றுநோய் மருத்துவமனையும் இருக்கின்றன. குழந்தைகள் நலத்துக்கு எழும்பூரும், மனநலத்துக்குக் கீழ்ப்பாக்கமும் தொலைவில் இல்லை. எந்தக் கல்லூரிக்கு எந்த இடத்தில் போஸ்டிங், அதாவது பயிற்சிப் பணி, என்பது மாறும் என்றாலும், மணலி, எண்ணூர்ப் பக்கமிருந்து வருபவர்கள் கன்டெய்னர் லாரி வரிசையைக் கணக்கில் வைத்து அரை மணி நேரம் முன்னதாகவே கிளம்பிவிட வேண்டும். ஷிஃப்ட் மாறும் நேரத்தில், படுக்கை படுக்கையாக நின்று ஒரு சிஸ்டர் இன்னொருவரிடம் ஒப்படைக்கும் அந்தப் பதினைந்து, இருபது நிமிடங்களைத் தவறவிடுபவர், அன்றைய நாளின் சிறந்த பாடத்தையே தவறவிடுகிறார்.

அந்த நேரத்தில் குறிப்பேட்டைத் திறந்து வைத்துக்கொண்டு, ஒவ்வொரு நோயாளிக்கும் நான்கே செய்திகளை எழுதுங்கள்: எதற்காக வந்தார், இரவில் என்ன நடந்தது, இப்போது எப்படி இருக்கிறார், அடுத்து என்ன செய்ய வேண்டும். மறுநாளும் அதே நோயாளியிடம் போய், முந்தைய நாளின் குறிப்போடு ஒப்பிட்டுப் பாருங்கள். நேற்று 100 மில்லி மட்டுமே இருந்த சிறுநீர்ப் பை இன்று 600 மில்லியைக் காட்டும்போது, புத்தகத்தில் படித்த சிறுநீரகம் கண்முன்னே வேலை செய்வதை உணர்வீர்கள். ஒரு நோயாளியைப் பற்றி வகுப்பில் விளக்கிச் சொல்லும் கேஸ் பிரசென்டேஷனில் மதிப்பெண் பெறுபவர்கள், ஐந்து நாட்கள் ஒரே நோயாளியைப் பார்த்து எழுதியவர்கள்தாம்.

கை கழுவுவதைப் பற்றிப் பல முறை சொல்வார்கள். சோப்பும் தண்ணீருமானால் 40 முதல் 60 நொடிகள், கைத்தேய்ப்புத் திரவமானால் 20 முதல் 30 நொடிகள் என்பதைக் கடிகாரம் பார்த்தே பழகுங்கள். நோயாளியைத் தொடுவதற்கு முன்பு மட்டுமன்றி, அவருடைய கட்டிலையோ மேசையையோ தொட்ட பின்பும் கழுவ வேண்டும் என்பதைத்தான் புதியவர்கள் மறக்கிறார்கள்.

ஊசி குத்திக்கொண்டால் அச்சத்தில் மறைக்கவே கூடாது. காயத்தைப் பிதுக்காமல், வாயில் வைக்காமல், ஓடும் தண்ணீரில் சோப்புப் போட்டுக் கழுவிவிட்டு, அந்த நிமிடமே வார்டு இன்சார்ஜிடம் சொல்லுங்கள். எச்.ஐ.வி. தொற்றைத் தடுக்கும் மருந்து தேவைப்பட்டால் அதை இரண்டு மணி நேரத்துக்குள் தொடங்குவது நல்லது; 72 மணி நேரம் கடந்தால் அதனால் பயனில்லை. திட்டுவார்களோ என்று அஞ்சி மாலை வரை மூடி வைத்த மாணவியின் வெளிறிய முகம் இன்றும் என் நினைவில் இருக்கிறது. உடன் நிற்கும் பேட்ச்மேட்டுக்கு அப்படி நேர்ந்தாலும், அவரைக் கையைப் பிடித்து அழைத்துப் போவது உங்கள் பொறுப்பு.

தெருவுக்குப் போகும்போது

சமுதாய நல போஸ்டிங் வரும்போதுதான் பலருக்கு வட சென்னை உண்மையில் அறிமுகமாகிறது. ஒவ்வொரு மாணவருக்கும் சில குடும்பங்கள் ஒதுக்கப்படும். அந்தக் குடும்பத்தின் வீட்டமைப்பு, குடிநீர், கழிப்பறை, உணவு, தடுப்பூசி, நோய்கள் எல்லாவற்றையும் குடும்பக் கோப்பில் எழுத வேண்டும். பெரும்பாலானவர்கள் முதல் நாளே கேள்விப் படிவத்தை நீட்டிவிடுகிறார்கள். அப்படிச் செய்யாதீர்கள். முதல் நாள், அந்தப் பகுதியின் நகர்ப்புற ஆரம்ப சுகாதார நிலையத்துக்குப் போய், அங்கே பணியாற்றும் நகர்ப்புற சுகாதார செவிலியரைப் பாருங்கள். எந்தச் சந்தில் யார் கர்ப்பிணி, யார் காசநோய் மாத்திரையைப் பாதியில் விட்டவர் என்பதெல்லாம் அவருக்கு மனப்பாடமாக இருக்கும். அவரோடு ஒரு முறை தெருவில் நடந்துவிட்டால், மறுநாளிலிருந்து கதவுகள் திறக்கும்.

நேரத்தைப் பற்றி ஒரு வார்த்தை. தண்ணீர் லாரி வந்து நிற்கும் நேரத்தில் யாரிடமும் எதுவும் கேட்காதீர்கள். முடிந்தால் ஒரு குடத்தைத் தூக்கிக் கொடுங்கள். மீன் விற்கும் பெண்கள் விடியலில் போனால் முற்பகலில்தான் திரும்புவார்கள். கடலுக்குப் போகும் ஆண்களைப் பிடிப்பது கடினம் என்றாலும், ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரையான 61 நாள் மீன்பிடித் தடைக்காலத்தில் அவர்கள் கரையில் இருப்பதால், இரத்த அழுத்தமும் சர்க்கரையும் பார்க்க அதுவே ஏற்ற காலம்.

என் இரண்டாம் வீட்டுச் சந்திப்பில் நடந்ததைச் சொல்கிறேன். காசிமேட்டில் ஒரு குறுகலான சந்து. வாசற்படியில் ஒரு ஆயா காலை நீட்டி உட்கார்ந்திருந்தார். வலது கால் சுண்டுவிரலுக்கும் அடுத்த விரலுக்கும் நடுவே, ஒரு கட்டைவிரல் நகம் அளவுக்குத் தோல் வெளுத்து ஊறி, ஓரத்தில் மஞ்சளாகச் சீழ் கோத்திருந்தது. மீன் ஐஸ் உருகிய தண்ணீரில் வருடக்கணக்காக நின்ற கால். சர்க்கரை நோய் வேறு. "வலிக்குதா ஆயா?" என்றேன். "வலியே இல்லம்மா, அதான் வுட்டுட்டேன்" என்றார். நரம்பு மரத்துப்போவதைப் பற்றி ஒரு பக்கம் எழுதி மதிப்பெண் வாங்கியிருந்த எனக்கு, அந்த ஒரு வரிதான் அதன் பொருளைச் சொல்லித் தந்தது. குறிப்பெடுத்துக்கொண்டு எழுந்தபோது அவர் கேட்டார்: "இன்னாமா, போன வருசம் வந்த பொண்ணும் இதே மாதிரி எழுதிக்கினு போச்சு. அப்பால வரவேல்ல. நீ வருவியா?"

வருவேன் என்றேன், போகவில்லை. வேறொரு வீட்டில் கோப்பை முடிப்பது எளிதாக இருந்தது. ஆண்டு இறுதி வைவாவில், வெளியிலிருந்து வந்த தேர்வாளர் என் பழைய குறிப்பைப் புரட்டி, "அடுத்த விசிட்டில் இந்தப் புண் எப்படி இருந்தது?" என்று கேட்டபோது என்னிடம் பதில் இல்லை. மதிப்பெண் குறைந்ததைவிட அந்த மௌனம் பெரிதாக வலித்தது. மறுநாள் காலை அந்தச் சந்துக்குப் போனேன். பிறகு வாரந்தோறும் போனேன்.

ஆகவே கோப்பில் ஒரு வீட்டை எழுதினால், குறைந்தது நான்கு முறையாவது போவது என்று இப்போதே முடிவு செய்துகொள்ளுங்கள். முதல் முறை பழகுவதற்கு. இரண்டாம் முறை, நாளிதழை விரித்துப் பையை அதன்மேல் வைத்து, கை கழுவி, பிபியும் சர்க்கரையும் பார்ப்பதற்கு. மூன்றாம் முறை, அந்த வீட்டில் இருக்கும் பொருளைக் கொண்டே ஒரு செயலைக் கற்றுக்கொடுப்பதற்கு. வயிற்றுப்போக்கு இருக்கும் வீட்டில் ஒரு லிட்டர் காய்ச்சி ஆறிய நீரில் ஆறு தேக்கரண்டி சர்க்கரையும் அரைத் தேக்கரண்டி உப்பும் தலைதட்டி அளந்து கலப்பதை அவர்கள் கையாலேயே செய்யவையுங்கள். சர்க்கரை நோயாளியானால் விரலிடுக்குகளைத் துடைத்து உலர்த்துவதையும், உள்ளங்காலை ஒரு சிறு கண்ணாடியில் தினமும் பார்ப்பதையும் செய்து காட்டச் சொல்லுங்கள். நான்காம் முறை, சொன்னது நடக்கிறதா என்று பார்ப்பதற்கு. அந்த நான்காம் முறைதான் கோப்புக்கு உயிர்.

இந்த ஊருக்கு இதில் ஒரு பழைய பெருமை உண்டு. 1956இல் சென்னையில் தொடங்கிய காசநோய் ஆய்வு மையம், நோயாளியைச் சானடோரியம் என்னும் காசநோய் மருத்துவமனையில் சேர்க்காமல் அவருடைய எளிய வீட்டிலேயே வைத்து மருந்து கொடுத்தாலும் குணமாகிறது என்பதை உலகுக்கு மெய்ப்பித்தது. வீடு வீடாகச் சென்று மாத்திரை உட்கொள்ளப்படுகிறதா என்று பார்த்த சுகாதாரப் பார்வையாளர்கள் இல்லாமல் அந்த ஆய்வு நடந்திருக்காது. 2021 ஆகஸ்டில் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் திட்டமும் வீட்டு வாசலுக்கே வருகிறது. உங்கள் கையில் இருக்கும் பை அந்த வரிசையில் வருவது.

பரிசு எப்படி வந்து சேர்கிறது

நான் பயிற்றுநரான பிறகு என் மாணவிகள் ஐந்து பேர், தங்களுக்கு ஒதுக்கப்பட்ட சந்துகளில் சர்க்கரை நோயுள்ள மீன் விற்கும் பெண்களின் கால்களை மட்டும் தனியாகக் குறித்து வந்தார்கள். செருப்பு எந்த வகை, விரலிடுக்கு ஈரமா, தொடு உணர்வு உண்டா, புண் இருந்தால் எவ்வளவு பெரியது என்று ஒரே படிவத்தில், தேதியோடு. நான்காம் ஆண்டில் ஆராய்ச்சிப் பாடத்துக்குக் குழுத் திட்டம் கேட்டபோது, மற்றவர்கள் தலைப்புத் தேடிக்கொண்டிருக்க, இவர்களிடம் முறையான அனுமதியும் ஒப்புதலும் பெற்று விரிவாக்க ஒரு கேள்வி தயாராக இருந்தது. அதுவே சுவரொட்டியானது, மாணவச் செவிலியர் மாநாடு ஒன்றில் பரிசும் பெற்றது. நடுவர் அவர்களிடம் கேட்ட முதல் கேள்வி, "இந்தப் பெண்களை எத்தனை முறை பார்த்தீர்கள்?" என்பது.

சுவரொட்டி செய்பவர்களுக்குச் சில குறிப்புகள்: ஒரே கேள்வி, ஒரே படம், ஆறடி தூரத்திலிருந்து படிக்கக்கூடிய எழுத்து. நோயாளியின் முகமோ பெயரோ எங்கும் வரக்கூடாது. குழுவில் யாரை நிறுத்திக் கேட்டாலும் பதில் சொல்லும்படி பயிற்சி எடுங்கள்.

செய்முறைத் திறன் போட்டிகளில் இதய-நுரையீரல் மீட்புச் சிகிச்சை பெரும்பாலும் இடம்பெறும். நிமிடத்துக்கு 100 முதல் 120 அழுத்தங்கள், 5 முதல் 6 செ.மீ. ஆழம், 30 அழுத்தத்துக்கு 2 மூச்சு. எண்ணிக்கை எல்லோருக்கும் தெரியும். ஒவ்வோர் அழுத்தத்துக்குப் பிறகும் மார்பு முழுமையாக மேலெழ விடுவதில்தான் மதிப்பெண் போகிறது. இரண்டு நிமிடத்துக்கு ஒரு முறை ஆள் மாறும்போது இடைவெளி விழாமல் இருக்க, ஜோடியாகவே பழகுங்கள்.

விளையாட்டை விட்டுவிடாதீர்கள். 2024 கேரம் உலகக் கோப்பையில் மூன்று தங்கம் வென்ற காசிமா வட சென்னைப் பெண்தான். விடுதியில் ஒரு கேரம் பலகை இருந்தால், இரவுப் பணி முடிந்து வருபவர்களுக்கு அது தரும் தெம்பு சாதாரணமானதன்று. நாட்டு நலப்பணித் திட்டமும் இளைஞர் செஞ்சிலுவைச் சங்கமும் இருந்தால் இரண்டில் ஒன்றில் மட்டும் சேருங்கள். எல்லாவற்றிலும் பெயர் கொடுத்தவர் எதிலும் தொடர்ந்து நின்று நான் கண்டதில்லை. பெற்ற சான்றிதழ்களின் நகல்களை ஆண்டுவாரியாக ஒரு கோப்பில் சேர்த்து, ஒவ்வொன்றின் பின்னும் நீங்கள் செய்த வேலையை இரண்டு வரிகளில் எழுதி வையுங்கள்; வேலை நேர்காணலில் கேட்கப்படுவது அந்த இரண்டு வரிகள்தாம்.

மனம் தளரும்போது

முதன்முதலில் ஒரு நோயாளி உங்கள் கண்முன் இறக்கும் நாள் வரும். அன்று இரவு தனியாக இருக்காதீர்கள். பேட்ச்மேட்டிடமோ, பயிற்றுநரிடமோ பேசுங்கள். யாரிடமும் பேச முடியவில்லை என்றால் 14416 என்ற டெலி மானஸ் மனநல உதவி எண்ணில் தமிழிலேயே பேசலாம். அழுததற்காக என் மாணவர் யாரையும் நான் குறைவாக நினைத்ததில்லை.

கடைசிப் பருவத்தில்

எட்டாம் பருவம் முழுநேரப் பயிற்சிக் காலம். பயிற்சிப் பதிவேடான லாக்புக்கில் விடுபட்ட கையெழுத்துகளை அப்போது தேடி அலையாமல், ஒவ்வொரு போஸ்டிங் முடியும் நாளிலேயே வாங்கிவிடுங்கள். தேர்ச்சி பெற்றதும் தமிழ்நாடு செவிலியர் மற்றும் மருத்துவச்சியர் மன்றத்தில் பதிவு செய்தால்தான் பணி செய்ய முடியும் என்பதால், சான்றிதழ்களில் பெயரின் முதலெழுத்தும் பிறந்த தேதியும் ஒன்றுபோல் இருக்கின்றனவா என்று நான்காம் ஆண்டுத் தொடக்கத்திலேயே சரிபாருங்கள். தந்தையின் பெயர் ஒரு தாளில் விரிவாகவும் மற்றொன்றில் எழுத்தாகவும் இருந்ததால் மாதக்கணக்கில் அலைந்தவர்கள் இருக்கிறார்கள்.

பிறகு ஒரு நாள் மாலை, உங்கள் குடும்பங்களை ஏற்கப்போகும் இளைய மாணவரை அழைத்துக்கொண்டு அந்தச் சந்துக்குப் போங்கள். கோப்பைக் கையில் கொடுப்பது மட்டும் போதாது. வாசற்படியில் இருவரும் உட்கார்ந்து, "ஆயா, இனிமே இந்தப் பொண்ணு வரும். உன் காலைப் பத்தி எல்லாம் சொல்லியிருக்கேன்" என்று சொல்லுங்கள். செருப்பைக் கழற்றச் சொல்லி, விரலிடுக்கை அவரே விரித்துக் காட்டும் வரை காத்திருங்கள். அன்றைய தேதியில் கடைசிக் குறிப்பை நீங்கள் எழுதி, அடுத்த வருகைக்கான தேதியை அந்த இளைய மாணவரின் கையெழுத்தில் எழுதவையுங்கள்.